ஸ்வாப்பில் எவ்வளவு கிடக்கிறது என்பது முக்கியமில்லை

லினக்ஸ் சர்வர்களைப் பராமரிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ரேமில் பாதிக்கு மேல் காலியாக இருக்கிறது, ஆனாலும் நினைவகக் கணக்கைக் காட்டும் ஃப்ரீ கட்டளை, ஸ்வாப்பில் (ரேமிலிருந்து வெளியேற்றப்படுபவற்றை எழுதி வைக்க ஒதுக்கிய இடம், வழக்கமாக வட்டில்) 900 எம்பி பயன்பாட்டில் இருப்பதாகக் காட்டுகிறது; இது கோளாறா, இதை எப்படிக் காலி செய்வது என்பார்கள். கோளாறு இல்லை, காலி செய்யவும் வேண்டாம் என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ரேம் தீர்ந்துபோனால் மட்டுமே கணினி ஒதுங்கும் இடம்தான் ஸ்வாப் என்ற எண்ணம் பலரிடம் ஊறிப்போயிருப்பதால், அந்த ஒருவரிப் பதிலை யாரும் நம்புவதில்லை. ஸ்வாப்பில் எவ்வளவு கிடக்கிறது என்பது பெரும்பாலும் பொருட்படுத்தத் தேவையில்லாத எண் என்பதும், நொடிக்கு எவ்வளவு உள்ளே வருகிறது, எவ்வளவு வெளியே போகிறது என்பதே பார்க்க வேண்டிய எண் என்பதும் என் கருத்து. அதற்கான காரணங்களை, இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் வேலை செய்யும் விதத்திலிருந்தே விளக்கப் பார்க்கிறேன்.

லினக்ஸ் உள்ளிட்ட யுனிக்ஸ் வகை அமைப்புகளில் ஒரு செயல்முறை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல், பார்க்கும் முகவரிகள் எதுவும் ரேமின் நேரடி முகவரிகள் அல்ல. ஒவ்வொரு செயல்முறைக்கும் தனி முகவரி வெளி உண்டு. அது பக்கங்கள் எனப்படும் சம அளவுத் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். எக்ஸ்86 கணினிகளில் ஒரு பக்கத்தின் வழக்கமான அளவு 4,096 பைட். எந்த மெய்நிகர்ப் பக்கம் ரேமின் எந்தச் சட்டகத்தில் (ஒரு பக்கம் கொள்ளும் இடம்) இருக்கிறது என்பதைப் பக்க அட்டவணை சொல்லும். அந்த அட்டவணையின் ஒவ்வொரு பதிவிலும் பக்கம் ரேமில் இருக்கிறதா இல்லையா என்பதைக் குறிக்கும் ஒரு பிட் உள்ளது. பக்கம் ஸ்வாப்புக்கு அனுப்பப்பட்டதும் கர்னல் அந்த பிட்டை அணைத்துவிட்டு, பதிவின் மற்ற பிட்களில் எந்த ஸ்வாப் பகுதி, அதில் எத்தனையாவது இடம் என்ற இரண்டு விவரங்களை எழுதி வைக்கிறது. பிறகு எப்போதாவது அந்த முகவரியைத் தொட்டால், வன்பொருள் பக்கப் பிழையை எழுப்பும். கர்னல் அந்தப் பதிவைப் படித்து, குறிப்பிட்ட இடத்திலிருந்து பக்கத்தைக் கொண்டுவந்து, பிட்டை மீண்டும் ஏற்றிவிட்டு, நின்ற கட்டளையை மறுபடி ஓடவிடும். நிரலுக்கு இதில் எதுவும் தெரியாது. கொஞ்சம் தாமதமானது மட்டுமே அதற்கு நேர்ந்தது.

இந்த ஏற்பாடு யுனிக்ஸைவிடப் பழையது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1962இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியில் 16,384 சொற்கள் கொள்ளும் காந்த வளைய நினைவகமும், 98,304 சொற்கள் கொள்ளும் காந்த உருளையும் இருந்தன. 512 சொற்கள் கொண்ட பக்கங்களை இரண்டுக்கும் இடையே வன்பொருளும் மேற்பார்வை நிரலும் தாமாகவே நகர்த்தியதால், நிரல் எழுதுபவருக்கு இரண்டும் சேர்ந்து ஒரே பெரிய நினைவகமாகத் தெரிந்தன. அதற்கு முன்பு, எந்தத் துண்டு எப்போது நினைவகத்தில் இருக்க வேண்டும் என்று நிரலாளரே கையால் திட்டமிட வேண்டியிருந்தது.

தொடக்க கால யுனிக்ஸில் இவ்வளவு நுணுக்கம் இல்லை. பிடிபி-11 கணினியில் ஓடிய யுனிக்ஸ், இடம் போதாதபோது ஒரு செயல்முறையை முழுதாகத் தூக்கி வட்டில் வைத்துவிட்டு, அதன் முறை வரும்போது முழுதாகத் திரும்பக் கொண்டுவந்தது. அந்த வேலையைச் செய்த 0ஆம் எண் செயல்முறைக்கு ஸ்வாப்பர் என்று பெயர். இன்றைய லினக்ஸில் அந்த எண்ணுக்கு உரிய வேலை முற்றிலும் மாறி, சும்மா இருக்கும் நேரத்தை நிரப்புவதாகிவிட்டது. ஆனாலும் கர்னல் நிலைகுலைந்து செய்தி கொட்டும்போது அதில் ஸ்வாப்பர் என்ற பழைய பெயர் இன்னமும் எட்டிப்பார்க்கும்.

பக்கம் பக்கமாக நகர்த்தும் முறை பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யுனிக்ஸ் வடிவமான பிஎஸ்டிக்கு 1979இல் வெளியான 3பிஎஸ்டி பதிப்புடன் வந்தது. வாக்ஸ் கணினிக்காக ஓசல்ப் பாபாவோலுவும் பில் ஜாயும் அதை எழுதினார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதில்தான் இருக்கிறது. எந்தப் பக்கம் சமீபத்தில் தொடப்பட்டது என்று தெரிந்தால்தான் எதை வெளியேற்றுவது என்று முடிவு செய்ய முடியும். ஆனால் வாக்ஸ் வன்பொருளில் ஒரு பக்கம் தொடப்பட்டதைக் குறித்து வைக்கும் பிட்டே இல்லை. ஆகவே அவர்கள், ரேமில் இருக்கும் பக்கத்தையே இல்லை என்று பொய்யாகக் குறித்து வைத்தார்கள். நிரல் அந்தப் பக்கத்தைத் தொட்டதும் பக்கப் பிழை எழும்; கர்னல் பக்கத்தை வட்டிலிருந்து கொண்டுவரத் தேவையில்லாமல், இது பயன்பாட்டில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு திரும்பிவிடும். அடுத்த சுற்று வரும்வரை பிழை எழாத பக்கமே வெளியேற்றத் தகுந்தது. வன்பொருள் தராத தகவலை வன்பொருளின் பிழை எழுப்பும் வசதியைக் கொண்டே கறந்துவிட்ட இந்தத் தந்திரம், இன்று படித்தாலும் புன்னகை வரவழைக்கிறது.

ரேமைப் போல இரண்டு மடங்கு ஸ்வாப் வேண்டும் என்ற பிரபலமான விதிக்கும் பழைய பிஎஸ்டி வழி அமைப்புகளோடு தொடர்பு உண்டு. அவற்றில் ஒரு செயல்முறை நினைவகம் கேட்கும் கணத்திலேயே அதற்கு ஈடான இடம் ஸ்வாப்பில் ஒதுக்கப்படும். அதனால் மொத்த மெய்நிகர் நினைவகம் ஸ்வாப்பின் அளவைத் தாண்ட முடியாது. ஸ்வாப் ரேமைவிடச் சிறியதாக இருந்தால் ரேமின் ஒரு பகுதி வீணாகிவிடும். லினக்ஸில் 2001இல் வந்த 2.4 கர்னலின் முதல் சில பதிப்புகளிலும் இதே அறிவுரை திரும்பிவந்தது; ரேமுக்குத் திரும்பிய பக்கங்களின் ஸ்வாப் இடங்களை அவை விடுவிக்காமல் பிடித்து வைத்திருந்ததுதான் காரணம். அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த 2.4.10 பதிப்பில் நினைவகப் பகுதியே மாற்றி எழுதப்பட்டது. காரணங்கள் போய்விட்டன, விதி மட்டும் நிறுவல் வழிகாட்டிகளில் நின்றுவிட்டது. 64 ஜிபி ரேம் உள்ள சர்வரில் 128 ஜிபி ஸ்வாப் ஒதுக்கியிருப்பதை இன்றும் பார்க்க முடிகிறது.

இனி முக்கியமான பிரிவினைக்கு வருகிறேன். ரேமில் இருக்கும் பக்கங்களைக் கர்னல் பெரும்பாலும் இரண்டு வகையாகப் பார்க்கிறது. முதல் வகை, வட்டில் ஒரு கோப்பைப் பின்புலமாகக் கொண்ட பக்கங்கள்: நிரல்களின் குறியீடு, லைப்ரரிகள், படித்த கோப்புகளின் கேஷ் (மறுபடி படிக்காமலிருக்க ரேமில் வைத்திருக்கும் பிரதி) ஆகியவை. இவற்றில் மாற்றம் இல்லாதவற்றை எந்த நேரத்திலும் அப்படியே தூக்கி எறியலாம். தேவைப்பட்டால் கோப்பிலிருந்து மீண்டும் படித்துக்கொள்ளலாம். இரண்டாவது வகை, எந்தக் கோப்புக்கும் சொந்தமில்லாத பக்கங்கள்: நினைவகம் கேட்கும் மேலாக் அழைப்பு மூலம் நிரல் வாங்கிய இடம், ஸ்டாக் போன்றவை. இவற்றின் உள்ளடக்கம் வேறு எங்கும் இல்லாததால் தூக்கி எறிய முடியாது. எங்காவது எழுதி வைத்த பிறகே ரேமிலிருந்து அகற்ற முடியும். அந்த எங்காவதுதான் ஸ்வாப். வட்டில் அல்லாமல் நினைவகத்திலேயே கோப்புகளை வைக்கும் டெம்ப்எஃப்எஸ் கோப்பு முறைமையில் உள்ளவையும் இந்த இரண்டாவது வகையைப் போலவே நடத்தப்படுகின்றன. பார்வைக்குக் கோப்பு, ஆனால் ஸ்வாப்பைத் தவிர அதற்குப் போக்கிடம் இல்லை.

ஸ்வாப்பே இல்லாத கணினியில் என்ன நடக்கும் என்பது இதிலிருந்து தெளிவாகும். இரண்டாவது வகைப் பக்கங்கள் அனைத்தும், அவற்றில் பல கணினி தொடங்கியபோது ஒரே ஒரு முறை தொடப்பட்டு அதன்பின் மறக்கப்பட்டவையாக இருந்தாலும், ரேமில் ஆணியடித்ததுபோல் உட்கார்ந்துவிடும். நெருக்கடி வந்தால் கர்னலால் முதல் வகையை மட்டுமே வெளியேற்ற முடியும். முதலில் கோப்பு கேஷ் போகும். பிறகு ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் குறியீட்டுப் பக்கங்களே போகத் தொடங்கும். அடுத்த மில்லி நொடியில் அதே குறியீடு தேவைப்படும். வட்டிலிருந்து மறுபடி படிக்கப்படும். வேறொரு குறியீடு தூக்கியெறியப்படும். ஸ்வாப்பை அணைத்துவிட்டால் கணினி வட்டோடு மல்லுக்கட்டி உறைந்துபோவது நின்றுவிடும் என்று நம்பி அணைத்தவர்கள், ஸ்வாப் இல்லாமலே வட்டு விளக்கு அணையாமல் எரிவதையும், மவுஸ் குறி நகர மறுப்பதையும் பார்த்துக் குழம்புவது இதனால்தான். தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போக முயன்றால், கடவுச்சொல்லைக் கேட்கவே பல நிமிடங்கள் ஆகும். எஸ்எஸ்எச் நிரலின் பக்கங்களும் அந்த வரிசையில்தான் காத்திருக்கின்றன.

இந்த நிலைக்குக் கணினி அறிவியலாளர் பீட்டர் டென்னிங் 1968இல் தெளிவான விளக்கம் தந்தார். ஒரு செயல்முறை ஒரு குறிப்பிட்ட கால அளவில் உண்மையிலேயே தொடும் பக்கங்களின் தொகுப்பே அதன் செயல் தொகுப்பு. எல்லாச் செயல்முறைகளின் செயல் தொகுப்புகளும் சேர்ந்து ரேமைத் தாண்டினால், கணினி வேலை செய்வதை விட்டுவிட்டுப் பக்கம் மாற்றுவதையே வேலையாகச் செய்யத் தொடங்கும். ஸ்வாப் வைத்தாலும் இந்த எல்லை மாறாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்வாப் செய்வது, செயல் தொகுப்பில் இல்லாத பக்கங்களை எந்த வகையாயினும் ரேமிலிருந்து அப்புறப்படுத்த வழிவிடுவதுதான். அதனால் எல்லையை எட்டும் கணம் தள்ளிப்போகிறது. செயல் தொகுப்பே ரேமைவிடப் பெரியதாகிவிட்டால், ரேம் வாங்குவதோ வேலையைக் குறைப்பதோ தவிர வேறு வழி கிடையாது.

எந்த வகையை முதலில் வெளியேற்றுவது என்பதில் நமக்கு இருக்கும் பிடிதான் லினக்ஸின் ஸ்வாப்பினஸ் என்ற அமைப்பு. இதன் இயல்பு மதிப்பு 60. இது ரேம் எத்தனை சதவீதம் நிரம்பியபின் ஸ்வாப் தொடங்க வேண்டும் என்பதைக் குறிக்கிறது என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள், அது தவறு. இரண்டு வகைப் பக்கங்களை மீண்டும் கொண்டுவர ஆகும் செலவு ஒன்றுக்கொன்று எப்படி ஒப்பிடத்தக்கது என்று நாம் கர்னலுக்குத் தரும் குறிப்புத்தான் இது. 100 என்றால் இரண்டும் சமம். 60 என்றால் 140க்கு 60 என்ற விகிதத்தில் கோப்புப் பக்கங்களின் மீது அழுத்தம் கூடுதலாக விழும். 2020இல் வந்த 5.8 கர்னலிலிருந்து இதை 200 வரை உயர்த்தலாம். ஸ்வாப் சாதனம் கோப்புகள் இருக்கும் வட்டைவிட வேகமானதாக இருக்கும்போது அது பொருத்தமானது. 0 என்று வைத்தாலும் ஸ்வாப் அறவே நின்றுவிடாது, கடைசிக் கட்டத்துக்குத் தள்ளிப்போகும். சுழலும் வட்டுள்ள கணினியில் இதைக் குறைப்பதில் நியாயம் உண்டு. வேகமான எஸ்எஸ்டி உள்ள கணினியில் பழக்கதோஷத்தால் 1 என்றும் 10 என்றும் வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இப்போது தொடக்கத்தில் சொன்ன 900 எம்பிக்குத் திரும்பலாம். அது எப்போது போனது என்பதை ஃப்ரீ கட்டளை சொல்லாது. இரவில் ஒரு பேக்கப் ஓடியபோது சற்று நெருக்கடி வந்து, நீண்ட காலமாகத் தொடப்படாத பக்கங்கள் வெளியே போயிருக்கலாம். பேக்கப் முடிந்ததும் ரேம் காலியானது. ஆனால் காலி இடம் கிடைத்துவிட்டது என்பதற்காக மட்டும் கர்னல் பக்கங்களைத் திரும்ப அழைத்துவராது. யாரும் கேட்காத பக்கத்தை எதற்காகக் கொண்டுவர வேண்டும்? இன்னொன்றும் உண்டு. ஸ்வாப்பிலிருந்து படிக்கப்பட்டு ரேமுக்கு வந்துவிட்ட பக்கத்தின் பிரதியையும் கர்னல் ஸ்வாப்பில் அப்படியே விட்டுவைக்கும். அந்தப் பக்கத்தில் மாற்றம் எதுவும் நிகழாமல் மறுபடி வெளியேற்ற நேர்ந்தால், புதிதாக எழுத வேண்டிய வேலை மிச்சம். கர்னல் நினைவகக் கணக்கைத் தரும் மெம்இன்ஃபோ கோப்பில் ஸ்வாப்கேஷ்ட் என்ற வரி காட்டுவது இவற்றைத்தான். ஸ்வாப் பாதிக்கு மேல் நிரம்பிய பிறகே இப்படிப்பட்ட இரட்டைப் பிரதிகளைக் கர்னல் முனைந்து விடுவிக்கத் தொடங்கும். ஆக, பயன்பாட்டில் இருப்பதாகத் தெரியும் அளவின் ஒரு பகுதி ரேமிலும் இருக்கக்கூடும்.

எனவே விஎம்ஸ்டாட் கட்டளையை 1 என்ற இடைவெளியோடு ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். முதல் வரியைப் புறக்கணியுங்கள். அது கணினி தொடங்கியதிலிருந்தான சராசரி. இரண்டாவது வரியிலிருந்து எஸ்ஐ, எஸ்ஓ என்ற இரண்டு பத்திகளைப் பாருங்கள். முன்னது நொடிக்கு எத்தனை கிலோபைட் ஸ்வாப்பிலிருந்து உள்ளே வந்தது என்பதையும், பின்னது எவ்வளவு வெளியே போனது என்பதையும் காட்டும். ஸ்வாப்டி பத்தியில் 921600 என்று நின்றுகொண்டிருக்க, எஸ்ஐயும் எஸ்ஓவும் வரிக்கு வரி 0 என்றே வந்தால், அந்த 900 எம்பி உறங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். எஸ்ஓ மட்டும் அவ்வப்போது எழும்பி எஸ்ஐ 0ஆக இருந்தால், வெளியே போனவற்றை யாரும் தேடவில்லை. கர்னலின் தேர்வு சரியாக இருக்கிறது. எஸ்ஐ மட்டும் கொஞ்ச நேரம் எழும்பி அடங்கினால், முன்பு நேர்ந்த நெருக்கடியிலிருந்து ஏதோ ஒரு நிரல் மீண்டுவருகிறது. நெடுநேரம் தொடாத உலாவியைத் திறக்கும்போது இதைக் காணலாம். இரண்டும் ஒருசேரப் பல ஆயிரங்களில் நின்று, கூடவே பி பத்தியில் வட்டுக்காகக் காத்திருக்கும் செயல்முறைகளின் எண்ணிக்கை ஏறி, சிபியு வட்டுக்காகச் சும்மா காத்திருந்த நேரத்தைக் காட்டும் டபிள்யூஏ பத்தியும் உயர்ந்தால் மட்டுமே கவலைப்பட வேண்டும். அனுப்பிய பக்கத்தையே உடனுக்குடன் திரும்பக் கேட்கும் நிலை அது.

எந்தச் செயல்முறையின் பக்கங்கள் ஸ்வாப்பில் இருக்கின்றன என்று அறிய, கர்னல் தன் நிலவரத்தைக் காட்டும் ப்ராக் அடைவில் அந்தச் செயல்முறையின் எண்ணுக்குரிய ஸ்டேட்டஸ் கோப்பில் விஎம்ஸ்வாப் என்ற வரியைப் படிக்கலாம். பெரும்பாலும் அங்கே தென்படுபவை, தொடங்கும்போது ஏராளமாக வாங்கிவிட்டு அதன்பின் சும்மா கிடக்கும் பின்னணிச் சேவைகள்.

2018 டிசம்பரில் வந்த 4.20 கர்னலிலிருந்து இதைவிடத் துல்லியமான அளவுகோல் ஒன்றும் உள்ளது. ப்ராக் அடைவின் பிரஷர் பகுதியில் இருக்கும் மெமரி என்ற கோப்பு, கடந்த 10, 60, 300 நொடிகளில் எத்தனை சதவீத நேரம் நினைவகத்துக்காகக் காத்திருப்பதிலேயே போனது என்று சொல்லும். சம் என்ற வரி சில செயல்முறைகளாவது காத்திருந்த நேரத்தையும், ஃபுல் என்ற வரி வேலை இருந்த அனைத்துமே ஒரே சமயத்தில் நின்றுபோன நேரத்தையும் தருகிறது. கண்காணிப்பு மென்பொருளில் ஸ்வாப் 80 சதவீதம் தாண்டினால் எச்சரிக்கை என்று வைத்திருப்பவர்கள், அதை எடுத்துவிட்டு ஃபுல் வரியின் மீது எச்சரிக்கை வைத்துக்கொண்டால் நள்ளிரவில் வீணாக எழுப்பப்படுவது குறையும்.

ஸ்வாப்பின் இன்னொரு கோணம் வாக்குறுதிகளைப் பற்றியது. ஒரு நிரல் 10 ஜிபி கேட்டால் லினக்ஸ் பெரும்பாலும் சரி என்று சொல்லிவிடும், ஆனால் அப்போது ஒரு பக்கம்கூடக் கொடுக்காது. தொடத் தொடத்தான் கொடுக்கும். ஃபோர்க் மூலம் ஒரு பெரிய செயல்முறை தன்னைப் பிரதியெடுக்கும்போதும் இதே கதைதான்: இரண்டும் ஒரே பக்கங்களைப் பகிர்ந்துகொள்ளும், யாராவது எழுதும்போது மட்டும் அந்தப் பக்கம் பிரதியாகும். கையிருப்பைவிட அதிகமாக வாக்குக் கொடுக்கும் இந்தப் போக்கை ஓவர்கமிட் மெமரி என்ற அமைப்பு கட்டுப்படுத்துகிறது. 0 என்றால் அப்பட்டமாக மிகையான கோரிக்கையை மட்டும் மறுக்கும். 1 என்றால் எதையும் மறுக்காது. 2 என்றால் கறாராகக் கணக்குப் பார்க்கும். இந்த 2இல்தான் பலர் சறுக்குகிறார்கள். அப்போது உச்சவரம்பு என்பது ஸ்வாப்பின் முழு அளவோடு ரேமின் ஒரு விகிதத்தைக் கூட்டியது. அந்த விகிதம் இயல்பாக 50 சதவீதம். 16 ஜிபி ரேம் உள்ள, ஸ்வாப் இல்லாத கணினியில் 2ஐ வைத்தால் வாக்குறுதிகள் 8 ஜிபியோடு நின்றுவிடும். மீதி இருந்தும் நினைவகம் போதவில்லை என்று நிரல்கள் விழும். அதே கணினியில் 8 ஜிபி ஸ்வாப்பைச் சேர்த்தால், அதில் ஒரு பைட்கூட எழுதப்படாவிட்டாலும், வரம்பு 16 ஜிபியாக உயர்ந்துவிடும். தரவுத்தளச் சர்வர்களில் 2ஐப் பரிந்துரைக்கும் வழக்கம் உண்டு. அங்கே ஸ்வாப் ஒரு கணக்குப் புத்தகத்தின் வரவுப் பத்தி மாதிரிதான், பணம் புரளாமலே வரவு ஏறியிருக்கும்.

வாக்குறுதிகளை நிறைவேற்ற முடியாத கட்டம் வந்துவிட்டால் கர்னலின் ஓஓஎம் கில்லர் இறங்கும். ரேமிலும் ஸ்வாப்பிலும் ஒரு செயல்முறை பிடித்திருக்கும் பக்கங்களைக் கணக்கிட்டு மதிப்பெண் போட்டு, மிக அதிகமாகப் பிடித்திருப்பதைக் கொல்லும். ஓஓஎம் ஸ்கோர் அட்ஜ் கோப்பில் -1000 முதல் 1000 வரை ஒரு எண்ணை எழுதி அந்த மதிப்பெண்ணை மாற்றலாம். -1000 என்றால் கொல்லவே கூடாது என்று பொருள்; எஸ்எஸ்எச் சர்வர் தனக்குத்தானே அதைப் போட்டுக்கொள்வது நியாயமானதே. இதில் சிக்கல் என்னவென்றால், கர்னல் மிகவும் தாமதமாகவே இந்த முடிவுக்கு வரும்; எங்காவது ஒரு பக்கத்தைப் பிடுங்க முடியும்வரை அது முயன்றுகொண்டே இருக்கும். சிஸ்டம்டி-ஓஓஎம்டி போன்ற சேவைகள் மேலே சொன்ன பிரஷர் எண்களைப் பார்த்து முன்கூட்டியே தலையிடுகின்றன. மிகப் பெரிய ஸ்வாப் வைப்பதை நான் ஆதரிக்காததற்கும் காரணம் இதுதான். கட்டுமீறி நினைவகத்தை விழுங்கும் நிரல் ஒன்று 128 ஜிபி ஸ்வாப் முழுவதையும் நிரப்பி முடிக்கும்வரை கணினி செத்தும் சாகாமல் கிடக்கும்.

அப்படியானால் எவ்வளவு வைப்பது? கணினியை உறக்கநிலையில் வைத்து மின்சாரத்தை அணைக்க விரும்பினால், ரேமின் பிம்பம் முழுவதும் ஸ்வாப்பில்தான் எழுதப்படும் என்பதால், ரேமுக்கு ஈடான அளவு தேவைப்படும். அந்தத் தேவை இல்லாத சர்வருக்கு 4 ஜிபியில் தொடங்கி, குளிர்ந்த, அதாவது நெடுநேரம் தொடப்படாத, பக்கங்கள் எவ்வளவு சேர்கின்றன என்று கவனித்து மாற்றிக்கொள்வது போதும். சூத்திரம் எதுவும் என்னிடம் இல்லை.

ஸ்வாப் கோப்பு உருவாக்குவது ஐந்து நிமிட வேலை. டிடி கட்டளையால் பூச்சியங்களைக் கொண்டு 4 ஜிபி கோப்பை எழுதி, மற்றவர்கள் படிக்காதபடி அனுமதியை 600 என்று மாற்றி, அதை ஸ்வாப்பாகத் தயார்செய்ய எம்கேஸ்வாப் ஓட்டி, பயன்பாட்டுக்குக் கொண்டுவர ஸ்வாப்ஆன் கொடுத்தால் முடிந்தது. தொடக்கத்தில் எவற்றை இணைப்பது என்று பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் அடுத்த முறை தானாகவே ஏறும். எம்கேஸ்வாப் உண்மையில் எழுதுவது மிகவும் கொஞ்சம்: முதல் பக்கத்தில் சில விவரங்களும், 4,096 பைட் பக்கமானால் 4,086ஆம் பைட்டிலிருந்து தொடங்கி ஸ்வாப்ஸ்பேஸ்2 என்ற பத்து எழுத்து அடையாளமும்தான். அந்தப் பத்து எழுத்துகள் இல்லாவிட்டால் ஸ்வாப்ஆன் அந்தக் கோப்பை ஏறெடுத்தும் பார்க்காது.

கோப்பில் ஓட்டைகள் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையின் காரணம் சுவையானது. ஸ்வாப்ஆன் கொடுக்கும் கணத்தில் கர்னல் அந்தக் கோப்பின் தொகுதிகள் வட்டில் எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரு வரைபடம் எடுத்துக்கொள்கிறது. அதன்பின் கோப்பு முறைமையைக் கேட்காமலே நேரடியாக அந்தத் தொகுதிகளில் எழுதும். நினைவகம் தீர்ந்த நேரத்தில், புதிய தொகுதி ஒதுக்கக் கோப்பு முறைமைக்கே நினைவகம் தேவைப்பட்டால் என்ன ஆகும் என்று யோசித்தால் இந்த ஏற்பாட்டின் அவசியம் புரியும். வட்டில் இடமே ஒதுக்கப்படாத ஓட்டைக்கு வரைபடத்தில் முகவரி கிடையாது; எனவே ஸ்வாப்ஆன் மறுத்துவிடும். எழுதும்போதெல்லாம் தொகுதியை இடம் மாற்றும் பிடிஆர்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைகளில் இது பெரிய தொல்லை. 2019இல் வந்த 5.0 கர்னலிலிருந்துதான் அங்கே ஸ்வாப் கோப்பு சாத்தியமாயிற்று, அதுவும் அந்தக் கோப்புக்கு மட்டும் இடமாற்றத்தையும் சுருக்கத்தையும் அணைத்துவைத்தால்தான். இந்த நேரடி எழுத்தின் காரணமாகவே ஸ்வாப் கோப்பு தனிப் பார்ட்டிஷனைவிடக் குறிப்பிடும்படி மெதுவாக இருப்பதில்லை.

வட்டே இல்லாத ஸ்வாப்பும் உண்டு. இசட்ரேம் என்பது ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் ஒரு போலிச் சாதனம். வெளியேற்றப்படும் பக்கம் சுருக்கப்பட்டு ரேமிலேயே சிறிய இடத்தில் தங்கும். ஃபெடோரா என்ற லினக்ஸ் வழங்கல் 2020இல் வந்த 33ஆம் பதிப்பிலிருந்து இதையே இயல்பாக வைத்திருக்கிறது. இசட்ஸ்வாப் சற்று வேறுபட்டது. அது வட்டிலுள்ள ஸ்வாப்புக்கு முன்னால் நின்று பக்கங்களைச் சுருக்கி வைத்துக்கொண்டு, தன் இடம் நிரம்பினால் பழையவற்றை வட்டுக்குத் தள்ளும். வட்டில் ஸ்வாப் இருக்கும் கணினிக்கு இசட்ஸ்வாப்பே ஏற்றது என்பது என் எண்ணம். இசட்ரேமுக்கு உயர்ந்த முன்னுரிமையும் வட்டுக்குத் தாழ்ந்த முன்னுரிமையும் கொடுத்து இரண்டையும் சேர்த்து வைத்தால், முதலில் வெளியேறும் மிகக் குளிர்ந்த பக்கங்கள் வேகமான இசட்ரேமில் நிரந்தரமாகக் குடியேறிவிடும். அது நிரம்பியபின் வரும், விரைவில் மறுபடி தேவைப்படக்கூடிய பக்கங்கள் மெதுவான வட்டுக்குப் போகும். விரும்பியதற்கு நேர் எதிரான வரிசை இது. இசட்ரேம் வைத்தால் பேஜ்-கிளஸ்டர் அமைப்பை 0 ஆக்கிவிடுவதும் நல்லது. ஒரு பக்கத்தைக் கேட்டால் அக்கம்பக்கத்துப் பக்கங்களையும் சேர்த்து 8 வரை படிக்கும் இயல்பு, சுழலும் வட்டுக்காக ஏற்பட்டது.

மற்ற யுனிக்ஸ் வழி அமைப்புகளைச் சுருக்கமாகத் தொட்டுச் செல்கிறேன். சொலாரிஸ் லினக்ஸைப் போல மிகையாக வாக்குக் கொடுப்பதில்லை. கேட்ட நினைவகத்துக்கு ரேமிலோ வட்டிலோ இடம் முன்பதிவு ஆன பிறகே சம்மதிக்கும். ஃப்ரீபிஎஸ்டியில் டாப் கட்டளை லாண்டரி என்று ஒரு வரிசையைக் காட்டும். அழுக்கான, அதாவது எழுதி வைத்த பின்னரே விடுவிக்கக்கூடிய பக்கங்கள் அங்கே காத்திருக்கின்றன. மேக்ஓஎஸ் 2013இல் வந்த 10.9 பதிப்பிலிருந்து பக்கங்களை முதலில் ரேமிலேயே சுருக்கிப் பார்க்கிறது. போதாதபோது ஸ்வாப் கோப்புகளைத் தானாகவே உருவாக்கிக்கொள்ளும். ஓப்பன்பிஎஸ்டி ஸ்வாப்பில் எழுதும் அனைத்தையும் இயல்பாகவே மறையாக்கம் செய்கிறது. லினக்ஸில் அது நம் பொறுப்பு. கடவுச்சொற்களும் திறவுகோல்களும் ரேமில் இருந்த வடிவத்திலேயே வட்டில் தங்கிவிடக்கூடும் என்பதால், மடிக்கணினியில் இதைத் தவிர்க்கக் கூடாது. ஒவ்வொரு தொடக்கத்திலும் புதிய தற்செயல் திறவுகோலால் ஸ்வாப்பை மறையாக்கம் செய்வது எளிய வழி. ஆனால் மின்சாரம் போனால் திறவுகோலும் போய்விடும், உறக்கநிலையிலிருந்து மீள முடியாது.

ஸ்வாப்பைச் சுத்தம் செய்வதாக நினைத்து ஸ்வாப்ஆஃப் கொடுத்து உடனே ஸ்வாப்ஆன் கொடுக்கும் கட்டளையைத் தினமும் ஓடும்படி, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் போட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்வாப்ஆஃப் அந்தப் பகுதியிலுள்ள ஒவ்வொரு பக்கத்தையும், யாருக்கும் தேவைப்படாதவை உட்பட, ரேமுக்கு இழுத்துவர வேண்டும். அதற்காகப் பயனுள்ள கோப்பு கேஷ் வெளியேற்றப்படும். ரேமில் இடம் போதாவிட்டால் கட்டளை தோல்வியடையும், அல்லது ஓஓஎம் கில்லர் எதையாவது பலிவாங்கும். ஒரு குறிப்பிட்ட சேவை மட்டும் ஒருபோதும் ஸ்வாப்புக்குப் போகக் கூடாது என்றால், சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் அந்தச் சேவையின் கோப்பில் மெமரிஸ்வாப்மேக்ஸ் மதிப்பை 0 ஆக்கினால் போதும். செயல்முறைக் குழுக்களுக்கு வரம்பு விதிக்கும் கர்னல் வசதியான சிகுரூப்பின் இரண்டாம் பதிப்பு இயங்கும் கணினியில் அந்த ஒரு சேவையின் பக்கங்கள் மட்டும் ரேமிலேயே தங்கும், மற்றவற்றின் குளிர்ந்த பக்கங்கள் வழக்கம்போல வெளியே போய்க்கொண்டிருக்கும்.